பேரவையும் மேடையும்

திக்லிபூரில் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும் மாணவர் முன்னே பெரும்பாலும் மூன்று வழிகள் விரிகின்றன. ஆஸ்டின் நீரிணையின் மேல் அமைந்த செங்கப்பா பாலத்தைக் கடந்து, மாயாபந்தரில் உள்ள மகாத்மா காந்தி அரசுக் கல்லூரிக்குச் செல்வது ஒன்று. அந்தமான் நெடுஞ்சாலை வழியே தெற்கே பயணம் செய்து, முன்பு போர்ட் பிளேர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்தில் 1967ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜவஹர்லால் நேரு ராஜ்கீய மகாவித்யாலயாவில் சேர்வது மற்றொன்று. கப்பலேறிச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போவது மூன்றாவது. எவ்வழியே சென்றாலும், மாணவர் பேரவைத் தேர்தல் நடைபெறும் கல்லூரியாக அது இருக்குமானால், கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களில் அதன் சுவர்களில் ஒரு புதுமையைக் காண்பீர்கள். வேட்பாளர்களின் சுவரொட்டிகள் அங்கே ஒட்டப்பட்டிருக்கும். ஆனால், அவற்றுள் ஒன்றேனும் அச்சிட்டதாக இராது. எல்லாம் கையால் எழுதி, வண்ணம் தீட்டியவை. எழுத்துப் பிழைகளும் சில வேளைகளில் அவற்றில் உண்டு.

அச்சகங்கள் பல இருக்கும் ஊரில் எதற்காகக் கையால் எழுத வேண்டும்? இவ்வினாவுக்கு விடை தேடினால் மாணவர் பேரவையின் இயல்பு முழுவதும் நமக்கு விளங்கத் தொடங்கும்.

இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பணியாற்றிய ஜே. எம். லிங்டோ அவர்களின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் தேர்தல் எவ்வாறு நடைபெற வேண்டும் என ஆராய்ந்து, அக்குழு 2006ஆம் ஆண்டு தன் அறிக்கையை அளித்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 22 அன்று அப்பரிந்துரைகளைப் பின்பற்றுமாறு ஆணையிட்டது. அதன்படி, ஒரு வேட்பாளர் தேர்தலுக்காக 5,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யலாகாது. அச்சிட்ட சுவரொட்டி கூடாது. கையால் உருவாக்கியதையும் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே ஒட்டலாம். ஒலிபெருக்கி, வாகனம், விலங்கு ஆகியவற்றைக் கொண்டு வாக்குக் கேட்டல் கூடாது. (விலங்கு என்ற சொல்லைக் கண்டு நீங்கள் நகைக்கலாம். விதி எழுதுவோர் வேடிக்கைக்காக ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை. குதிரையையும் யானையையும் வளாகத்துக்குள் நடத்தி வருவோர் உண்டாகக் கூடும் என அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.)

வாழைத்தோட்டத்தில் கூலிவேலை செய்பவரின் மகளும், ஏரியல் பே துறைமுகத்தில் பல படகுகளுக்கு உரிமையாளரின் மகனும் ஒரே பதவிக்குப் போட்டியிடுகின்றனர் எனக் கொள்வோம். அச்சகத்துக்குத் தடையில்லை என்றால் யாருடைய முகம் சுவர்களை நிறைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தூரிகையும் வண்ணமும் மட்டுமே கருவிகள் என்றானபின் இருவரும் ஏறக்குறைய ஒரே தளத்தில் நிற்கின்றனர். மேலும் சில விதிகளையும் அறிந்து கொள்ளுங்கள். இளநிலை மாணவர் போட்டியிட 17 முதல் 22 வயதுக்குள் இருத்தல் வேண்டும். வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. போட்டியிடும் ஆண்டில் தேர்ச்சி பெறாத பாடம் எதுவும் நிலுவையில் இருத்தல் ஆகாது. பொறுப்பாளர் பதவிக்கு ஒருவர் ஒருமுறை மட்டுமே போட்டியிடலாம். வேட்புமனு அளிக்கும் நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை அனைத்தும் 10 நாள்களுக்குள் முடிதல் வேண்டும்.

பேரவை என்பது யாது?

மாணவர் அமைப்புகள் தொடக்கத்தில் சொற்போர் மன்றங்களாகவே தோன்றின. கேம்பிரிட்ஜில் 1815ஆம் ஆண்டிலும், ஆக்ஸ்போர்டில் 1823ஆம் ஆண்டிலும் தோன்றிய மன்றங்கள் அவ்வகையின. அங்கே மாணவர் கூடி வாதிட்டனர். பேச்சில் வல்லவர் புகழ் பெற்றனர். ஆனால் விடுதியில் ஒழுகும் கூரையைப் பற்றி அம்மன்றங்களுக்குக் கவலை இல்லை. 1884ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மாணவர் பிரதிநிதிகள் கொண்ட அவை ஒன்று அமைந்தது. மாணவரின் குறைகளை நிருவாகத்திடம் எடுத்துரைப்பது அதன் பணி. ஐந்தே ஆண்டுகளில், 1889இல், சட்டமே அத்தகைய அவைகளை ஏற்றுக்கொண்டது. நம் கல்லூரிகளில் இன்று உள்ள பேரவைகள் இவ்விரு மரபுகளும் கலந்தவை. தமிழில் நாம் 'மன்றம்' என்பதையும் 'பேரவை' என்பதையும் வேறுபடுத்தி வழங்குவது பொருத்தமே. தமிழ் மன்றம், அறிவியல் மன்றம் என்பன ஆர்வமுடையோர் கூடும் இடங்கள். பேரவையோ ஆர்வமற்றோருக்கும் உரியது. தேர்தலில் வாக்களிக்காதவரும், பேரவை அறை எங்கே உள்ளது என்று அறியாதவரும் அதன் உறுப்பினரே. கட்டணம் செலுத்திய அனைவரின் சார்பாகவும் அது செயல்பட வேண்டும்.

கட்டணம் என்றோம். கல்லூரியில் சேரும் நாளில் தரும் பற்றுச்சீட்டைக் கூர்ந்து நோக்குங்கள். கல்விக் கட்டணம், நூலகக் கட்டணம், விளையாட்டுக் கட்டணம் என நீளும் வரிசையில் பேரவைக்கென ஒரு சிறு தொகையும் பெரும்பாலும் இருக்கும். தனித்துப் பார்த்தால் அது ஒரு வேளை உணவின் விலையாக இருக்கலாம். ஆயிரம் பேரிடமிருந்து சேரும்போது அதுவே பெருந்தொகையாகின்றது. அத்தொகையை எவ்வாறு செலவிடுவது என்று முடிவு செய்யும் உரிமை, முந்தைய ஆண்டு வரை பெற்றோரிடம் பேருந்துக் கட்டணம் கேட்டுக்கொண்டிருந்த ஓர் இளைஞரின் கைக்கு வருகின்றது.

நாள்தோறும் நடக்கும் பணி

சென்னை கிண்டியில், மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் 1959ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தை எடுத்துக் கொள்வோம். அங்குள்ள விடுதிகள் பலவற்றுக்குக் காவிரி, கிருஷ்ணா, கோதாவரி, நருமதை, தபதி என ஆறுகளின் பெயர்களைச் சூட்டியுள்ளனர். மாணவர் தேர்ந்தெடுக்கும் பொறுப்பாளர்களுள் பொதுச் செயலாளர் ஒருவர். கல்வி, ஆராய்ச்சி, விடுதி, விளையாட்டு, கலை ஆகிய துறைகளுக்குத் தனித்தனியே செயலாளர்கள் உள்ளனர். கலைச் செயலாளர் மேடையில் தோன்றுவார். படம் எடுத்துக் கொள்வார். யாவரும் அவரை அறிவர். விடுதிச் செயலாளரின் பெயரோ, தண்ணீர் வராத நாளில்தான் நினைவுக்கு வரும்.

ஆயினும் பேரவையின் பெரும்பகுதி வேலை விடுதிச் செயலாளரின் வேலையே ஆகும். விடுதி உணவுக்கூடத்தை மாணவர் 'மெஸ்' என்றே அழைக்கின்றனர். அங்கே எழும் வழக்குகள் முடிவற்றவை. வடநாட்டிலிருந்து வந்தவருக்கு இரவில் சப்பாத்தி வேண்டும். தெற்கத்தியருக்குக் காலையில் இட்லி வேண்டும். தீவில் வளர்ந்தவருக்கு மீன் இல்லாத வாரம் வாரமாகவே தோன்றாது. பேரவை சமைப்பதில்லை. சமைப்பதற்குப் பொறுப்பேற்ற ஒப்பந்தக்காரர், ஒப்புக்கொண்ட எடையிலும் தரத்திலும் உணவு வழங்குகின்றாரா என்று பார்ப்பதே அதன் கடமை. இதற்கு அரிசி மூட்டையைத் திறந்து பார்க்கவும், கணக்கேட்டைப் படிக்கவும், குறையை நாளும் நேரமும் குறித்து எழுதவும் தெரிய வேண்டும். "சாப்பாடு சரியில்லை" என்னும் முறையீட்டை எந்த நிருவாகமும் ஒதுக்கிவிடலாம். "இம்மாதம் 4, 9, 11 ஆகிய நாள்களில் இரவு எட்டரை மணிக்கு மேல் வந்தோருக்குக் குழம்பு இல்லை" என்னும் முறையீட்டை ஒதுக்குதல் எளிதன்று.

தீவு மாணவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் இடையே 1,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் கிடக்கின்றது; கப்பல் அதைக் கடக்க ஏறத்தாழ மூன்று நாள்கள் ஆகும். மதுரை மாணவர் தேர்வு முடிந்த இரவே வீட்டுக்குப் புறப்படுகின்றார். திக்லிபூர் மாணவரோ கப்பல் புறப்படும் நாளைப் பார்த்து, அதன்பின் சாலைப் பயணத்தையும் கணக்கிட வேண்டும். தேர்வு அட்டவணை ஒரு நாள் தள்ளிப்போனால் அவர் ஒரு வாரத்தை இழக்க நேரிடும். வகுப்பில் ஒருவரோ இருவரோ மட்டுமே தீவிலிருந்து வந்திருக்கும் கல்லூரியில் இக்குறையை யார் எடுத்துரைப்பார்? எண்ணிக்கையில் சிறியோரின் தேவையைப் பெரும்பான்மையோரின் அமைப்பு தன் தேவையாக ஏற்று எழுதும் கடிதத்தை வைத்தே ஒரு பேரவையின் தரத்தை நான் மதிப்பிடுவேன். ஆண்டு விழாவில் வெடித்த வாணங்களை வைத்து மதிப்பிட மாட்டேன்.

உணவுக்கூடத்தில் ஓர் இசை இரவு

ஆனால் விழாவையும் எளிதாக ஒதுக்கிவிட இயலாது. இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் 1970ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று நிகழ்ந்த ஒன்றைக் கேளுங்கள். அந்நாளில் உலகப் புகழ் பெற்றிருந்த 'தி ஹூ' என்னும் ராக் இசைக்குழு அன்றிரவு அங்கே பாடியது. எங்கே தெரியுமா? நகரின் பெரிய அரங்கில் அன்று. மாணவர் நண்பகலில் தட்டேந்தி வரிசையில் நிற்கும் உணவுக்கூடத்தில்! மேசைகளை அகற்றி, மேடை அமைத்து, அக்கூடத்தையே மாணவர் அமைப்பு இசையரங்கம் ஆக்கிற்று. அந்நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு அதே ஆண்டில் இசைத்தட்டாக வெளிவந்தது. நேரடி நிகழ்ச்சிகளின் பதிவுகளுள் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் அது மதிக்கப்படுகின்றது. மறுநாள் ஹல் என்னும் நகரில் நடந்த நிகழ்ச்சியையும் பதிவு செய்தனர். ஆனால் அதில் சில பாடல்களுக்குத் தாழ்சுரக் கித்தாரின் ஒலி பதிவாகவில்லை. ஆகவே, உணவுக்கூடத்தில் பதிந்ததே உலகம் முழுவதும் சென்றது.

அக்காலத்து இங்கிலாந்தில் மாணவர் அமைப்புகளில் 'நிகழ்ச்சிச் செயலாளர்' என ஒரு பதவி இருந்தது. எந்தக் குழுவை அழைப்பது, எவ்வளவு தருவது, எத்தனை நுழைவுச்சீட்டு விற்பது என்பவற்றை முடிவு செய்தவர்கள் இருபது வயது மாணவர்களே. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் ரைட் என்பவரும், நியூகாசிலில் டெரி எல்லிஸ் என்பவரும் இவ்வாறு குழுக்களை அழைக்கும் பணியைக் கற்றனர். பின்னர் இருவரும் இணைந்து கிரிசாலிஸ் என்னும் இசை நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பயின்ற பிரையன் மே என்னும் மாணவர், 1968இல் முரசு வாசிப்பவர் தேவை எனக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாளைக் குத்தி வைத்தார். அதன்வழி வந்து சேர்ந்தவர் பல் மருத்துவ மாணவரான ரோஜர் டெய்லர். இரண்டாண்டுகளுக்குப்பின் அவ்விருவரும் பங்கேற்ற குழுவே 'குயின்'. பிரையன் மே தம் வானியற்பியல் முனைவர் பட்டத்தை 2007இல்தான் பெற்றார் என்பதை, ஆய்வேட்டை முடிக்காத அண்ணன்மார் உள்ள வீடுகளில் ஆறுதலுக்காகச் சொல்லலாம்.

நம் நாட்டிலும் இதற்கு நிகரான நிகழ்ச்சிகள் உண்டு. எஸ். பி. பாலசுப்பிரமணியம் பொறியியல் மாணவராக இருந்தபோது, 1964இல் சென்னையில் தெலுங்குப் பண்பாட்டு அமைப்பொன்று நடத்திய பாட்டுப் போட்டியில் முதற்பரிசு பெற்றார். அவர் திறனை உணர்ந்த இசையமைப்பாளர் எஸ். பி. கோதண்டபாணி 1966இல் அவரைத் திரையில் பாட வைத்தார். அந்நாள்களில் பாலசுப்பிரமணியம் நடத்திய மெல்லிசைக் குழுவில் வாசித்த இளைஞர்களுள் ஒருவர் இளையராஜா. மற்றொருவர் கங்கை அமரன். அக்குழுவைச் சிறிய தொகைக்கு அழைத்துத் தம் விழாவில் பாட வைத்தவர்கள், தாம் யாரைக் கேட்டோம் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்திருப்பர்.

கிண்டித் தொழில்நுட்பக் கழகத்தில் 1974இல் 'மார்டி கிரா' என்னும் பெயரில் தொடங்கிய கலைவிழா, 1996 முதல் 'சாரங்' என வழங்குகின்றது. மாணவரே திட்டமிட்டு, நன்கொடையாளரைக் கண்டு, கலைஞரை அழைத்து நடத்தும் விழா அது. செவ்வியல் இசைக்கு ஓர் இரவு, நடனத்துக்கு ஓர் இரவு, ராக் இசைக்கு ஓர் இரவு, திரையிசைக்கு ஓர் இரவு எனத் திறந்தவெளி அரங்கில் அது நிகழும். 2009இல் சுவீடன் நாட்டின் 'ஓபெத்' குழு அங்கு வந்து பாடிற்று.

கலைஞரைத் தேர்வது எவ்வாறு?

புகழ் பெற்றவரை அழைக்கப் பணம் போதும். புகழ் பெறாத நல்ல கலைஞரைக் கண்டெடுக்கக் காது வேண்டும். சிறிய கல்லூரிப் பேரவைக்குப் பணம் இராது. ஆகவே காதையே நம்ப வேண்டும்.

கைப்பேசியில் காணும் காட்சிப் பதிவை மட்டும் நம்பி எவரையும் அழைத்தல் ஆகாது. பதிவில் பிழைகளை நீக்கலாம், குரலைத் திருத்தலாம். நேரில் சென்று கேட்பதே முறை. கோயில் திருவிழா, துர்கா பூசைப் பந்தல், தேவாலய இசைக்குழு, திருமண வரவேற்பு, சுபாஷ்கிராமில் ஜனவரியில் நிகழும் சுபாஷ் மேளா ஆகிய அனைத்தும் தேடும் இடங்களே. முதல் பாட்டைக் கேட்டு முடிவு செய்ய வேண்டா. எக்குழுவும் தன் சிறந்த பாட்டையே முதலில் பாடும். இரண்டு மணி நேரம் கடந்து, பாடகர் களைத்து, முன்வரிசையில் இருந்த முதியோர் எழுந்து சென்றபின் அக்குழு எவ்வாறு பாடுகின்றது என்று கவனியுங்கள். மின்சாரம் நின்றுபோனால் அக்குழு என்ன செய்கின்றது என்றும் பாருங்கள். கைகட்டி நிற்பவர் சிலர். தவிலை மடியில் வைத்து வாசிக்கத் தொடங்குபவர் சிலர். நம் தீவில் மழைக்காலத்தில் விழா எடுப்போருக்கு இரண்டாம் வகையினரே ஏற்றவர்.

அடுத்து, ஒப்பந்தம். வாய்ச்சொல்லால் பேசி முடித்தல் பண்பு எனச் சிலர் கருதுவர். எழுதி வைத்துக்கொள்வதே இரு தரப்புக்கும் பாதுகாப்பு. முன்பணம் எவ்வளவு, மீதம் எப்போது, எத்தனை மணி நேரம் பாட வேண்டும், எத்தனை பேர் வருவர், பயணச் செலவு யாருடையது, உணவும் தங்குமிடமும் எங்கே, கப்பலோ படகோ ஓடாது போனால் என்ன செய்வது என அனைத்தும் ஒரு தாளில் இருக்க வேண்டும். கடைசி வினாவைத் தரைநகர்க் கல்லூரிகள் எழுதுவதில்லை. தீவில் அதை முதலில் எழுத வேண்டும்.

பிறகு மைக்செட்டும் மின்னாக்கியும். ஒலிபெருக்கி அமைப்பவரை மலிவாகத் தேடி, பாடகருக்கு மிகுதியாகக் கொடுக்கும் பேரவைகளை நான் கண்டதுண்டு. இது தலைகீழான கணக்கு. நல்ல ஒலியமைப்பில் நடுத்தரப் பாடகரும் இனிமையாக ஒலிப்பார்; கெட்ட ஒலியமைப்பில் எவரும் ஒலிக்க மாட்டார். பிற்பகலிலேயே ஒலிச்சோதனை செய்தல் வேண்டும். காலி அரங்கில் எதிரொலிக்கும் ஒலி, மக்கள் நிறைந்தபின் அடங்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சட்டங்களும் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி பயன்படுத்தத் தடை உள்ளது. அரசு சில நாள்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கலாம். ஆகவே பத்து மணிக்கு முடிய வேண்டிய நிகழ்ச்சியில் எட்டரை மணி வரை தலைவர்கள் உரையாற்றினால், பாட்டுக்கு எஞ்சுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். பாடல்களுக்கு உரிமையாளர் உண்டு என்பதும் பலர் அறியாதது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்களுக்கு ஒரு சலுகை தருகின்றது. நிறுவனத்தின் செயல்பாடுகளின் பகுதியாக, ஆசிரியரும் மாணவரும் தாமே ஓர் இசைப்படைப்பைப் பாடினால் அது உரிமை மீறல் ஆகாது. வெளியிலிருந்து தொழில்முறைக் குழுவை அழைத்து, நுழைவுச்சீட்டு விற்றுப் பாட வைப்பது இச்சலுகையுள் அடங்காது. அதற்கு உரிமம் பெற வேண்டும்.

யாருடைய பாட்டு?

இனி, இவை அனைத்தினும் கடினமான வினாவுக்கு வருவோம். வட அந்தமானில் வங்காளம் பேசுவோர் பெருந்தொகையினர். தமிழ், தெலுங்கு, மலையாளம் பேசுவோரும், ராஞ்சியிலிருந்து வந்தோரின் சாத்ரி மொழி பேசுவோரும் அருகருகே வாழ்கின்றனர். மாயாபந்தரை அடுத்த வெபி முதலிய ஊர்களில், 1925இல் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய கரேன் மக்களின் வழித்தோன்றல்கள் உள்ளனர். இவர்கள் அனைவரின் பிள்ளைகளும் பயிலும் ஒரு கல்லூரியில் ஓரிரவு மட்டுமே இசைக்கு உண்டு. பணமும் ஒரு குழுவை அழைக்கவே போதும். எம்மொழிக் குழுவை அழைப்பது?

இது பாட்டைப் பற்றிய வினா போலத் தோன்றும். உண்மையில் இது, கட்டணம் செலுத்திய ஒவ்வொருவரும் அவ்வளாகத்தைத் தம்முடையதாக உணர்கின்றனரா என்னும் வினா. வாக்கெடுப்பு நடத்தினால் ஆண்டுதோறும் பெரும்பான்மை மொழியே வெல்லும். சிறுபான்மையோர் ஒவ்வோர் ஆண்டும் பணம் செலுத்திவிட்டு, பிறர் பாட்டுக்குக் கைதட்டிக் கொண்டிருப்பர். எல்லா மொழிக்கும் பத்துப் பத்து நிமிடம் எனப் பங்கிட்டால் நீதி கிட்டும், இசை கிட்டாது. எக்குழுவும் சூடு பிடிப்பதற்குள் இறங்கிவிடும். பத்து நிமிடப் பங்கீட்டில் விருப்பமுடையோர் பலர் உள்ளனர். நான் அதில் நம்பிக்கை கொண்டவன் அல்லன்.

சாரங் விழாவைப் போல் பல இரவுகள் நடத்த வசதி இல்லாத கல்லூரிக்கு வேறு வழிகள் உண்டு. ஆண்டுக்கு ஒரு மொழி என முறை வைத்து, அம்முறையைப் பேரவையின் விதியேட்டில் எழுதிவிடலாம். அப்போது இவ்வாண்டு தோற்றவர் அடுத்த ஆண்டை எதிர்நோக்கலாம். அல்லது, வெளியூர்க் குழுவை அழைக்கும் பணத்தை விடுத்து, உள்ளூரிலேயே தேடலாம். ராஞ்சி மக்களின் மாந்தர் முழவு, வங்காளத்தின் பாவுல் இசை, கரேன் தேவாலயங்களின் கூட்டுக்குரல், நம்மவரின் நாதசுரமும் தவிலும் என ஒன்றோடொன்று தொடர்ந்து ஒலிக்கும் இரவை அமைக்கலாம். முழவும் தவிலும் எதிரெதிரே அமர்ந்து ஒரே தாளத்தில் உரையாடினால், மொழி அறியாதவரும் கால் அசைப்பர். ஆனால் அதற்கு அவ்விரு கலைஞரையும் முன்கூட்டியே சந்திக்க வைத்து, ஒத்திகைக்கு இடமும் தேநீரும் அளிக்க வேண்டும். மேடையில் முதன்முறையாகச் சந்திப்போர் தத்தம் வாசிப்பையே வாசிப்பர்.

தமிழ் மாணவர் சென்னைக்குச் செல்லும்போது இவ்வினா தலைகீழாகின்றது. இங்கே சிறுபான்மையாக இருந்தவர் அங்கே பெரும்பான்மையுள் ஒருவர் ஆகின்றார். அவ்வளாகத்தில் மணிப்பூரிலிருந்தோ மிசோரமிலிருந்தோ வந்த மாணவர் ஒரு கித்தாரோடு விடுதிப் படியில் தனியே அமர்ந்திருக்கக் கூடும். தீவில் வளர்ந்தவருக்கு அவர் நிலை மற்றவரைவிட விரைவில் புரியும். அவரிடம் சென்று, "வெள்ளிக்கிழமை மாலை மேடையில் இருபது நிமிடம் இருக்கிறது, பாடுகிறீர்களா?" என்று கேட்பதும் பேரவைப் பணியே.

விழா முடிந்த மறுநாள் கணக்கு எழுத வேண்டும். கயிறு, பந்தல், தண்ணீர்க் கேன், மின்னாக்கிக்கு டீசல் என ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும். தேர்தலில் போட்டியிட்டவர்கள் தம் செலவுக் கணக்கை முடிவு அறிவித்த இரண்டு வாரங்களுக்குள் கல்லூரியிடம் அளிக்க வேண்டும் என லிங்டோ குழு கூறியுள்ளது. பேரவை எழுதும் விழாக் கணக்குக்கும் அக்கால அளவே தக்கது. கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதைப் பெரும்பாலோர் படிக்க மாட்டார்கள். படிக்கும் ஒருவருக்காகவே அது ஒட்டப்படுகின்றது.

சொல்லும் பொருளும்

நீரிணை – இரு நிலப்பகுதிகளுக்கு இடையே அமைந்த குறுகிய கடற்பகுதி
நிலுவை – செலுத்தப்படாமலோ முடிக்கப்படாமலோ எஞ்சி நிற்பது
முறையீடு – குறையை எடுத்துரைத்தல்
ஒத்திகை – நிகழ்ச்சிக்கு முன் செய்யும் பயிற்சி
முழவு – தோற்கருவி வகை
மின்னாக்கி – மின்சாரம் உண்டாக்கும் பொறி, ஜெனரேட்டர்

பயிற்சி

1. பேரவைத் தேர்தலில் அச்சிட்ட சுவரொட்டிக்குத் தடை இருப்பதன் காரணத்தைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

2. மன்றம், பேரவை ஆகியவற்றுக்கு இடையே உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் எழுதுக.

3. "சாப்பாடு சரியில்லை" என்னும் முறையீட்டை, நிருவாகம் ஒதுக்க இயலாத வகையில் நான்கு வரிகளில் திருத்தி எழுதுக.

4. கலைஞருடன் செய்யும் ஒப்பந்தத்தில் தீவுக் கல்லூரி முதலில் எழுத வேண்டிய வினா எது? ஏன்?

5. பத்து நிமிடப் பங்கீட்டை ஆசிரியர் ஏற்கவில்லை. நீங்கள் அதை ஏற்பவராயின், அவருக்கு மறுமொழியாக ஒரு பத்தி எழுதுக.

செயல்பாடு: உங்கள் ஊர்த் திருவிழாவிலோ மேளாவிலோ பாடும் ஒரு குழுவை இறுதிவரை இருந்து கேளுங்கள். அக்குழுவைப் பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைக்கலாமா என்பது குறித்துத் தலைமையாசிரியருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். கடிதத்தில் செலவுக் கணக்கும் இடம்பெற வேண்டும்.